முகமூடிக்கு அழைப்பு வேண்டாம்

முதலாம் எலிசபெத் மகாராணி காலத்து ஆங்கில நாடகங்களில் முகமூடி ஆட்டம் என்று ஒன்று வரும். அதைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நான் பதின்மூன்று பக்கம் எழுதினேன். பட்டமும் வாங்கினேன். சிட்னிக்கு வந்து ஓர் அரசாங்கக் கந்தோரில் கோப்புகளை எண் வரிசைப்படி அடுக்குகிற உத்தியோகம் கிடைத்தபோது முகமூடியைப் பற்றி அங்கே ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று முதல் ஆறு மாதம் நான் காத்திருந்தது உண்மை.

விசயம் இதுதான். பெரிய வீடொன்றில் விருந்து நடக்கும். திடீரென்று வாசலில் மேளச் சத்தம் கேட்கும். முகமூடி போட்ட நாலைந்து பேர் தீவட்டிக்காரருடன் உள்ளே வருவார்கள். தூர தேசத்திலிருந்து வருகிறோம் என்று யாராவது ஒருவர் பாட்டாகச் சொல்லுவார். அவர்களை ஒருவரும் அழைத்திருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டுக்காரர் யார் நீங்கள் என்று கேட்கக்கூடாது, அதுதான் மரியாதை. வந்தவன் பரம வைரியாக இருந்தாலும் வரவேற்று, தீனி கொடுத்து, ஆட விடவேண்டும். ஆட்டத்தின் நடுவே சோடி சோடியாகப் பிரிந்து உலாத்துவார்கள். அப்போது மனதில் இருப்பதையெல்லாம் சொல்லலாம், முகமூடி போட்டவன் சொன்னதற்குக் கணக்கு வழக்கு இல்லை. கடைசியில் எல்லாரும் முகமூடியைக் கழற்றுவார்கள். பாதிப்பேர் ஆள் மாறிக் கதைத்துவிட்டு விழித்துக்கொண்டு நிற்பார்கள்.

என்னுடைய பதின்மூன்று பக்கத்தின் சாராம்சம், இது சுத்தப் புலுடா என்பது. தெரிந்த ஆளை ஒரு துண்டு மட்டையால் மறைக்க முடியுமா? யாழ்ப்பாணத்தில் கேற்றைத் திறக்கிற சத்தத்திலேயே வருவது யாரென்று நாங்கள் சொல்லிவிடுவோம். இருமினால் போதும், எந்த ஒழுங்கை, யாருடைய மருமகன் என்பது வரைக்கும் சொல்லுவோம். பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால், இவ்வளவு நிச்சயமாக எழுதவேண்டாம் என்று குறித்திருந்தார். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

இனி என் நண்பனைப் பற்றி. அவனும் நானும் ஒரே வருசம் சிட்னிக்கு வந்தவர்கள், எழுபதுகளின் தொடக்கத்தில். கலியாணம் ஆகுமட்டும் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குளிர்கோட்டு. விடிய யார் முதலில் எழும்புகிறானோ கோட்டு அவனுக்கு. அந்தக் கோட்டால் எங்கள் இரண்டு பேருக்குமே அதிகாலையில் எழும்புகிற நல்ல பழக்கம் வந்தது. பிறகு ஊரிலிருந்து மனைவிமார் வந்தார்கள். மெரிலேண்ட்ஸில் அவன் ஒரு வீடு எடுத்தான், நான் இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு எடுத்தேன். அப்போது சிட்னி முழுவதும் எங்கள் ஆட்கள் பதினெட்டுக் குடும்பம்தான், எங்கள் இரண்டையும் சேர்த்து.

என் வீட்டுக்கு ரெலிபோன் வந்ததும், புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபூரல் வைத்ததும் ஒரே மாதத்தில். இதுதான் வினையாகிப்போனது. எங்கள் ஊரில் ஒரு நல்ல காரியம் என்றால் புருசனும் பெண்சாதியும் வீடு வீடாகப் போய், கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, நேரில் சொல்லவேண்டும். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ரெலிபோன் பளபளவென்று முன்னறையில் இருக்கிறது, இன்னும் ஒருவரும் அதில் எங்களைக் கூப்பிடவும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அதற்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பதினேழு வீட்டுக்கும் சொல்லி முடித்துவிட்டேன். என் மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேர போய்ச் சொல்லுறதுதானே முறை?” என்றாள்.

“இது அவுஸ்திரேலியா” என்றேன். அந்தக் காலத்தில் எனக்குப் பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் இதுதான் பதில்.

குடிபூரலுக்கு எல்லாரும் வந்தார்கள். நண்பன் மட்டும் வரவில்லை. தன்னை ரெலிபோனிலா கூப்பிடுவது என்று அவன் யாரிடமோ கேட்டானாம். ஒரே கோட்டைப் போட்டவன் என் வீட்டுக்குப் பால் காய்ச்ச வரவில்லையே என்று நான் யாரிடமோ கேட்டேன். அந்த யாரோ இரண்டு பேரும் தங்கள் கடமையைச் சரியாகச் செய்தார்கள். அன்றோடு கதை பேச்சு நின்றது. ஒன்றரை வருசம்.

பதினெட்டுக் குடும்பத்தில் இரண்டு குடும்பம் முகம் கொடுக்காமல் இருப்பது சும்மா இல்லை. பிறந்தநாள் வீட்டில் அவன் முன்னறையில் இருந்தால் நான் பின்வளவில் நிற்பேன். அவன் பின்வளவுக்கு வந்தால் எனக்கு உடனே தண்ணீர் விடாய்க்கும். வீட்டுக்காரர்கள் நேரத்தைப் பிரித்து எங்களை அழைக்கப் பழகிக்கொண்டார்கள். மனைவிமாரும் கோபம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வியாழக்கிழமைகளில் மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவில் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சாமான் வாங்கி, ஒரே மர வாங்கில் உட்கார்ந்து கதைத்துவிட்டு, தனித்தனி வழியால் வீட்டுக்கு வந்தது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. ஒருநாள் என் மனைவி பயித்தம் பணியாரம் தந்தாள். நீர் செய்ததிலேயே இதுதான் திறம் என்று புகழ்ந்து ஆறு தின்றேன். அது நண்பனின் மனைவி சுட்டது என்பதும் பிந்தித்தான் தெரிந்தது.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு, எனக்கில்லை சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அவையள் மெல்போர்னுக்குப் போகினமாம். அங்கை வேலை கிடைச்சிட்டுதாம். அடுத்த மாதக் கடைசியிலை.”

“உமக்கு ஆர் சொன்னது?”

“காத்துவாக்கிலை கேட்டனான்.”

நான் நல்லது, போகட்டும் என்று சொல்லிவிட்டு பேப்பரை விரித்தேன். ஒரு வரியும் ஏறவில்லை. அவன் மெல்போர்னுக்குப் போய்விட்டால் இந்தக் கோபம் பிறகு எந்தக் காலத்திலும் தீராது. இங்கே இருக்கும்வரை என்றைக்காவது ஒரு பிறந்தநாள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடாய்த்திருக்கும். போன பிறகு ஒருவனை ஒருவன் ஊர்க்கதையில்தான் கேள்விப்படுவோம். அவன் போவதற்கு முன் எப்படியாவது கதைத்துவிடவேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆனால் முதலில் நான் கதைக்கமாட்டேன். அதுவும் எனக்கு இருந்தது.

அந்தக் கிழமையே எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். பல் வைத்தியர், ஐம்பது தாண்டியவர், நல்ல மீசை. வருசாந்தக் கலைவிழாவுக்கு ஒரு நாடகம் வேண்டுமாம். வழக்கமாக ஒரு ராசா நாடகம் போடுவோம். அதில் தலைவர்தான் ராசா. இந்த முறை நான் மேலே கூரை மோட்டைப் பார்த்து யோசித்துவிட்டு, “டொக்டர், முகமூடி ஆட்டம் ஒண்டு போடுவம்” என்றேன். பதின்மூன்று பக்கமும் எனக்குள் ஒரேயடியாக எழும்பி நின்றன.

தலைவர் கவனமாகக் கேட்டார். பிறகு அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தது.

“தம்பி, முகத்தை மூடினா நடிக்கிறது நான் எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?”

இந்தச் சந்தேகம் பிறகு எல்லாருக்கும் வந்தது. எட்டு ஆண்கள் ஆடச் சம்மதித்தார்கள். எட்டுப் பேரும் முகமூடிக்குச் சம்மதிக்கவில்லை. பெயரை நெஞ்சில் குத்தலாமா என்று ஒருவர் கேட்டார். மூக்குக்குக் கீழே வெட்டிவிட்டால் மீசையாவது தெரியுமே என்று தலைவர் கேட்டார். இந்தக் கலையின் உயிரே ஆள் தெரியாமல் இருப்பதுதான் என்று நான் விளக்கினேன். அப்படியென்றால் நாங்கள் வீட்டில் இருக்கலாமே என்றார்கள். கடைசியில், முடிவில் எல்லாரும் முகமூடியைக் கழற்றிப் பெயர் சொல்லி வணங்குவது என்று முடிவாயிற்று. பழைய வழக்கமும் ஏறக்குறைய அதுதான் என்பதால் நான் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தேன்.

பெண்களையும் சேர்த்து ஆடுவதுதான் அசல். அதைச் சொல்லி முடிக்குமுன் நாலு பேர் எழும்பிச் செருப்பைத் தேடினார்கள். ஆகவே ஆண்கள் மட்டும், கோலாட்டம். வீடு கூட்டுகிற தும்புத்தடிகளை அறுத்துக் கோல் செய்தோம்.

அந்த எட்டுப் பேரில் நண்பனும் ஒருவன். வருவான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு மேடைப் பைத்தியம். எமன் வந்து நின்றாலும் ஒத்திகை முடியட்டும் என்பான். தலைவர் வேறு அவன் வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டிருந்தார். ஒத்திகையில் அவன் எனக்கு மூன்று அடி தள்ளி நிற்பான். நான் தலைவரைப் பார்த்து, “நாலாவதா நிக்கிறவர் இடப்பக்கம் திரும்பவேணும் எண்டு சொல்லுங்கோ” என்பேன். தலைவர் அவனைப் பார்த்து, “இடப்பக்கம் திரும்பட்டாம்” என்பார். அவன் தலைவரைப் பார்த்து, “போன கிழமை வலப்பக்கம் எண்டவர், இண்டைக்கு மாத்தினது ஏன் எண்டு கேளுங்கோ” என்பான். தலைவர் பாவம். பல்லுப் பிடுங்குவது இதைவிடச் சுகம் என்று ஒருநாள் சொன்னார்.

ஆட்டத்தின் நடுவில் ஒரு கட்டம் வைத்தேன். மேளம் தணியும். எட்டுப் பேரும் நாலு சோடியாகப் பிரிந்து மேடையைச் சுற்றி மெல்ல நடந்தபடி கதைக்கவேண்டும். நூலில் உள்ளபடி என்று சொன்னேன். யார் யாருக்குச் சோடி என்பதை நானே எழுதினேன். எனக்குச் சோடி அவன். சபைக்குக் கேட்காமல் ஒருவர்தான் கதைக்கவேண்டும், மற்றவர் தலையை மட்டும் ஆட்டவேண்டும் என்றும் ஒரு விதி போட்டேன். அது எந்த நூலிலும் இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை அவன் வாய் திறக்கக்கூடாது என்பதற்காகப் போட்டது. ஒத்திகைகளில் அவன் பக்கத்தில் நடக்கும்போது நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று முணுமுணுத்தேன். மற்றச் சோடிகள் காரைப் பற்றியும் புல்லு வெட்டுகிற மெசினைப் பற்றியும் கதைத்துக்கொண்டு சந்தோசமாக நடந்தார்கள்.

சொல்லவேண்டியதை வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன். ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பது சுலபம், பஸ்ஸில் காலை மிதித்தாலும் அதே சொல்தான். தமிழில் கேட்பதென்றால் கழுத்தில் துண்டு போடுவதுபோல இருக்கிறது. முகமூடி போட்டால் வரும் என்று நம்பினேன்.

முகமூடிகளைப் பெண்கள் செய்தார்கள். ஊதின பலூன்களின்மேல் பழைய பத்திரிகையையும் மாப்பசையையும் ஒட்டிக் காயவைத்து, பாதியாக வெட்டி, வெள்ளை பூசி, இறகு துடைப்பத்திலிருந்து பிடுங்கிய இறகுகளுக்குச் சாயம் போட்டுக் குத்தினார்கள். ஆளுக்கொரு நிறம். எனக்கு நீலம், தலைவருக்குப் பச்சை, நண்பனுக்குச் சிவப்பு. நண்பனுக்குத் தலை பெரிது என்று அவனுடைய பலூனை மட்டும் வெடிக்கிற அளவுக்கு ஊதியிருந்தார்கள். சாயம் விழாவன்று காலையில்தான் காய்ந்தது. அதனால் ஒருவரும் முகமூடியைப் போட்டு ஒத்திகை பார்க்கவில்லை.

விழா ஒரு சனிக்கிழமை மத்தியானம், வாடகைக்கு எடுத்த மண்டபத்தில். மண்டபக் காவலர் காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்த கால்மேசும் போட்ட ஒரு வெள்ளைக்காரர். கதவுத் திறப்புக் கோர்வையை ஆட்டிக்கொண்டு வந்து, இது உங்கள் நாட்டுச் சடங்கா என்று கேட்டார். இல்லை, உங்கள் முன்னோர்களுடைய வழக்கம், நானூறு வருசப் பழையது என்றேன். அவர் யோசித்துவிட்டு, என்னுடைய பாட்டனார் ஆடமாட்டார் என்று சொன்னார். ஐந்து மணிக்குப் பூட்டவேண்டும் என்றும் சொன்னார்.

மேளம் கேட்டது. நாங்கள் நாலு பேர் வீட்டுக்காரராக வலப்பக்கத்திலிருந்தும், மற்ற நாலு பேர் விருந்தாளிகளாக இடப்பக்கத்திலிருந்தும் மேடைக்கு வந்தோம். எட்டுப் பேருக்கும் வெள்ளை வேட்டி, வெள்ளை நாஷனல் சட்டை, வட்ட முகம். கண் ஓட்டைகள் எங்கள் கண்களுக்கு நேரே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோலாட்டத்தின் முதல் வரிசையில் என் பெருவிரலில் இரண்டு அடி. தீவட்டி பிடிக்க நிறுத்தியிருந்த ஆளின் தலையில் யாரோ போட்டார். சபை அதை நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பிள்ளை எங்கட அப்பா எது என்று கத்தியது. உடனே மூன்று பேர் கையை ஆட்டினார்கள்.

பிறகு மேளம் தணிந்தது. சிவப்பு இறகு என் பக்கத்தில் வந்து நின்றது. நடக்கத் தொடங்கினோம்.

“மச்சான்” என்றேன். “நான் குடிபூரலுக்கு ரெலிபோனிலை சொன்னது பிழை. நேர வந்திருக்க வேணும். புதுச்சாமான் கண்ட சந்தோசத்திலை செய்திட்டன். எனக்கு அண்டைக்கே தெரியும் பிழை எண்டு. உன்னை நான் மதிக்காமல் விடேல்லை. இந்த ஊரிலை எனக்கு எண்டு இருக்கிறது நீதான். இதை மனசிலை வைச்சுக்கொண்டு போயிடாதை.”

பாடமாக்கியது இவ்வளவும் இல்லை. முகமூடிக்குள் வியர்வையும் மாப்பசை மணமும். ஆனாலும் சொற்கள் தாமாக வந்தன. சிவப்பு இறகு மெல்லத் தலையை ஆட்டியது. கண் ஓட்டைக்குள் ஏதோ மினுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். பேராசிரியரை மனதுக்குள் வணங்கினேன். முகமூடி என்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு, நான்தான் அந்தப் பதின்மூன்று பக்கத்திலும் அதைப் பழித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஆட்டம் முடிந்தது. எல்லாரும் முகமூடியைக் கழற்றினோம். சிவப்பு இறகுக்குக் கீழே ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. அதற்குக் கீழே நல்ல மீசை.

நடந்தது இதுதான். தலைவருடைய முகமூடிக்குள் மூக்குக்கண்ணாடி கொள்ளவில்லை. கண்ணாடி இல்லாமல் அவருக்கு மேடையின் விளிம்பு தெரியாது. இடப்பக்கத் திரைக்குப் பின்னால் நண்பன், அவன் எப்போதும் பெரியவர்களுக்கு மரியாதை உள்ளவன், தன்னுடைய பெரிய முகமூடியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பச்சையைத் தன் தலையில் அமுக்கிக்கொண்டான். யார் எந்த இடத்தில் நிற்பது என்பதை இறகு நிறத்தைப் பார்த்து நில்லுங்கோ என்று நான்தான் ஆயிரம் தரம் சொல்லியிருந்தேன். சொன்னபடி நின்றார்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். உண்மையாகவே அழுதிருக்கிறார். என்னைக் கட்டிப்பிடித்தார்.

“தம்பி, ஒண்டரை வருசமா இதைத்தான் நான் எதிர்பாத்தனான்” என்றார்.

அவரையும் நான் ரெலிபோனில்தானே அழைத்தேன். வந்தார், சாப்பிட்டார், பாயசம் நன்று என்றார். மனதில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். மச்சான் என்று நான் கூப்பிட்டது முதலில் அவருக்குக் கொஞ்சம் திடுக்கிடலாக இருந்ததாம், உணர்ச்சிவசப்பட்டிருக்கிறேன் என்று பொறுத்துக்கொண்டாராம். அதோடு விட்டிருக்கலாம். மைக்குக்குப் போனார். தம்பி செய்த பிழையை உணர்ந்து இந்த மேடையிலேயே வருத்தம் தெரிவித்துவிட்டார், இதுவல்லவோ பண்பாடு என்று சபைக்கு அறிவித்தார். சபை கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்த பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு அன்ரியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“டொக்டருக்குச் சொல்லியாச்சு. எங்களுக்கு எப்பவாம்?”

நண்பன் பச்சை இறகைக் கையில் வைத்துக்கொண்டு மேடையின் மற்ற ஓரத்தில் நின்றான். என்னைப் பார்க்கவில்லை. முகமூடியைக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

அடுத்த மூன்று கிழமையும் சனியும் ஞாயிறும் நானும் மனைவியும் வீடு வீடாகப் போனோம். வேறு வழியில்லை. தலைவர் வீட்டையும் சேர்த்துப் பதினாறு வீடு. ஸ்ட்ரத்பீல்டில் இரண்டு, பிளாக்டவுனில் மூன்று, அப்போது வீடுகளைவிட மாடுகள் அதிகமாக இருந்த குவேக்கர்ஸ் ஹில்லில் ஒன்று. எல்லா இடத்திலும் ஒரே நாடகம். “அதெல்லாம் நாங்கள் எப்பவோ மறந்திட்டம்” என்று தொடங்குவார்கள். பிறகு ரெலிபோன் மணி அடித்தபோது அடுப்பில் என்ன இருந்தது, யார் எடுத்தது, நான் முதல் சொன்ன சொல் என்ன, எத்தனை நிமிசத்தில் வைத்தேன் என்பதெல்லாம் வரும். ஒரு வீட்டில் என்னுடைய குரலைப் போலச் செய்தும் காட்டினார்கள். நல்லாகத்தான் செய்தார்கள். தேத்தண்ணியும் வடையும் குடித்துத் தின்று என் வேட்டி இரண்டு அங்குலம் இறுகிப்போனது.

இதில் இன்னொரு வேடிக்கை. நண்பனும் அவன் மனைவியும் அதே கிழமைகளில் அதே வீடுகளுக்குப் பயணம் சொல்லப் போய்க்கொண்டிருந்தார்கள். ஊரை விட்டுப் போகிறவர்கள் எல்லா வீட்டுக்கும் போய், போட்டு வாறம் என்று சொல்லிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். நாங்கள் போகிற வீட்டில் எல்லாம், “இப்பத்தான் அவை வந்திட்டுப் போகினம், கதிரை இன்னும் சூடு” என்றார்கள். சில இடத்தில் அவர்களுக்குப் போட்ட வடையில் மிச்சத்தைத்தான் எங்களுக்குத் தந்தார்கள். அவன் எல்லா வீட்டுக்கும் போகிறான், கடைசியில் எங்கள் வீட்டுக்கும் வருவான் என்று நான் கணித்திருந்தேன். வழக்கத்தை விடுகிறவன் அல்ல அவன்.

திங்கட்கிழமை விடிய அவர்களுக்குப் பயணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் குளித்து, சேட்டு மாற்றி, முன்னறையில் இருந்தேன். மனைவி வாய்ப்பன் சுட்டாள். மத்தியானம் ஆயிற்று. பின்னேரம் ஆயிற்று. கோடை காலம், வெயில் இறங்க மறுத்தது. ஒரு காரும் நிற்கவில்லை. நாலு தரம் வாசலுக்குப் போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை தபால் வராது என்று தெரிந்தும்.

“வரமாட்டான்” என்றேன். “அவனுக்கு வீம்பு.”

மனைவி வாய்ப்பன் தட்டை மேசையில் வைத்தாள்.

“நீங்கள் எத்தினை வீட்டுக்குப் போனனீங்கள்?”

“எல்லா வீட்டுக்கும்தான். நீரும்தானே வந்தனீர்.”

“ரெலிபோனிலை எத்தினை வீட்டுக்குச் சொன்னனீங்கள்?”

“பதினேழு.”

“போனது?”

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். இரண்டு தெரு. இடையில் இரண்டு முறை திரும்பலாமா என்று நின்றேன். முதன்முறையாக எனக்கு என் மீதே கோபம் வந்தது. குவேக்கர்ஸ் ஹில்லுக்கு ரயிலில் போகத் தெரிந்தவனுக்கு இந்த இரண்டு தெரு ஒன்றரை வருசமாகத் தூரமாக இருந்திருக்கிறது.

கதவை அவன்தான் திறந்தான். பின்னால் வெறும் வீடு, கயிறு கட்டின பெட்டிகள். அவன் மனைவி எட்டிப் பார்த்து, “வாங்கோ அண்ணை” என்று சொல்லிவிட்டு, கதிரை எல்லாம் கட்டியாச்சு என்று வெட்கப்பட்டு உள்ளே போனாள். நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியில் நின்றோம்.

“மண்டபத்திலை நான் சொன்னது உனக்குத்தான்” என்றேன்.

“தெரியும். நான் பின்னாலைதானே நடந்தனான். எல்லாம் கேட்டது.”

“கேட்டதெண்டா ஏன் நீ பிறகு ஒண்டும் கதைக்கேல்லை?”

“நீ டொக்டருக்கெல்லோ சொன்னனீ” என்றான். “எனக்குச் சொல்லேல்லையே.”

சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. காதோரம் நரைத்திருந்தது. ஒன்றரை வருசமாக அவனை நான் நேராகப் பார்க்கவில்லை, அவனுக்கு நரை விழுந்ததே எனக்குத் தெரியாது. மேடையில் மடை திறந்ததுபோல வந்த சொற்களில் ஒன்றுகூட இப்போது வரவில்லை. அவன் காத்துக்கொண்டு நின்றான், அவசரப்படுத்தவில்லை.

“ரெலிபோனிலை சொன்னது பிழை” என்றேன். “நேர வந்திருக்க வேணும்.”

“ஓம்” என்றான்.

“நீ வராமல் பால் காய்ச்சினது எனக்குச் சரியா இருக்கேல்லை. இண்டைக்கும் அது என்ரை வீடு மாதிரி இல்லை.”

அவன் நிலத்தைப் பார்த்தான். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“நான் அண்டைக்கு வந்தனான்.”

“எங்கை?”

“உங்கட தெரு முனை மட்டும். வேட்டி கட்டிக்கொண்டு, கையிலை சாமான் சுத்தினதும் இருந்தது. மனுசியை வீட்டிலை விட்டிட்டு முதல் நான் வந்து பாக்கிறன் எண்டு வந்தனான். உள்ளுக்கை நீ என்னவோ சொல்ல எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டுது. நான் இல்லாமலும் நல்லாத்தானே நடக்குது எண்டு திரும்பிட்டன்.”

அன்று நான் என்ன சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை. அவன் கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் அந்தப் படியில் நின்று அழுதோம், பக்கத்து வீட்டுக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். திங்கட்கிழமை விடிய லொறி வந்தது, அவர்கள் மெல்போர்னுக்குப் போனார்கள்.